நான் தேடி வந்தவர்களை ஏன் வாசலிலேயே நிறுத்தினீர்கள்?

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பிரிவின் இயக்குநருக்கும் அலுவலர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் நடத்திய வேலைவாய்ப்பு முகாமுக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்களில் எங்களுடையதும் ஒன்று. நான்கு இடங்கள் காலி. கேள்வித்தாள் தயாரிக்க ஒருவர், களத்தில் போய்ப் பேட்டி எடுக்க இருவர், எடுத்த பேட்டிகளைப் படித்து அறிக்கை எழுத ஒருவர். உங்களுக்கு அனுப்பிய படிவத்தில் ‘சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். அன்று காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என் மேசைக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அதில் ஒருவர்கூடச் சமூகவியல் இல்லை.

விசாரித்தேன். பதிவுப் படிவத்தில் இருந்த பாடப் பட்டியலில் சமூகவியல் என்ற பெயரே இல்லையாம். ‘மற்றவை’ என்று போட்டுப் பதிவு செய்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு போகவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு உங்கள் அலுவலர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அவங்களுக்குப் பொருத்தமான கம்பெனி எதுவும் வரலை மேடம்.” அவர் அதைச் சொன்னபோது, அவர்களைத் தேடி வந்த கம்பெனி அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது.

மதிய இடைவேளையில் சாப்பிட வெளியே வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் மூன்று மாணவர்கள், கையில் தன்விவரக் குறிப்போடு, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். மூன்றாம் ஆண்டு சமூகவியல். என்ன வேலை தேடுகிறீர்கள் என்று கேட்டேன். “எங்களுக்கு என்ன வேலை இருக்குன்னே தெரியலை மேடம். அதைத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தோம்” என்றார் ஒருவர்.

காலையெல்லாம் உள்ளே வந்தவர்களிடம் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேட்டேன். ஒரு தேர்தல் கணிப்புக்காக ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்புகிறார்கள். இருபது லட்சத்துக்கும் மேலானோர் பதில் போடுகிறார்கள். முடிவை நம்பலாமா? உள்ளே பெரும்பாலோர் நம்பலாம் என்றார்கள். அத்தனை லட்சம் பேர் சொல்வது எப்படித் தப்பாகும் என்பது அவர்கள் வாதம். வாசலில் நின்ற மாணவி கொஞ்சம் யோசித்தார். “பதில் போடாத மிச்சப் பேரெல்லாம் யாரு மேடம்? அந்த ஒரு கோடி விலாசம் எங்கேர்ந்து கிடைச்சது?”

அது கற்பனைக் கேள்வி கிடையாது. 1936-இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் செய்த கூத்து. தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து விலாசம் எடுத்தார்கள். பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் வீட்டில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யோசிக்கவில்லை. பதில் எழுதாமல் இருந்தவர்களைப் பற்றியும் யோசிக்கவில்லை. வந்ததை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அச்சிட்டார்கள். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ, அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்ட கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

இந்தக் கதை அந்த மாணவிக்குத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நாங்கள் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். இரண்டு வாரம் கழித்து முறையாகத் தேர்வு வைத்து அவரையும், உடன் நின்றவர்களில் ஒருவரையும் எடுத்தோம்.

நல்லதாகத்தானே முடிந்தது என்பீர்கள். எனக்கு அன்று பசிக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒருவருடைய வேலை இன்னொருவருடைய பசியை நம்பி இருந்தால் அதற்குப் பெயர் வழிகாட்டலா?

அப்புறம் உங்கள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அதே புத்தகம். மற்ற பாடங்களுக்குப் பக்கம் பக்கமாகப் போகிறது. சமூகவியலுக்கு ஒரே வரி: ‘ஆசிரியர், சமூகப் பணியாளர், போட்டித் தேர்வுகள்.’ நான் இங்கே படித்தபோது இருந்த வரியும் இதுதான். பதினான்கு வருடமாக ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

அந்த வரியில் நடுவில் இருப்பது தவறும்கூட. சமூகப் பணி தனிப் படிப்பு. அதற்குத் தனிப் பட்டம் உண்டு, மேற்பார்வையில் செய்யும் களப்பயிற்சி உண்டு, பல நாடுகளில் உரிமமும் வாங்க வேண்டும். சமூகவியல் படித்துவிட்டு அந்த வேலைகளுக்கு விண்ணப்பித்தால் ‘தகுதி இல்லை’ என்று திரும்பி வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. அப்போது நான் தப்பான பாடத்தைப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தப்பு கையேட்டில் என்று புரிய வெகு நாளாயிற்று.

‘சமூகவியலாளர் தேவை’ என்று விளம்பரம் தேடினால் கிடைக்காது என்பது உண்மை. பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் வெளியே அந்தப் பெயரில் பதவிகள் மிகக் குறைவு. ஆனால் கணக்குப் படித்தவர்களும் ‘கணிதவியலாளர்’ என்ற பெயரில் வேலை பார்ப்பதில்லை. அதற்காகக் கணக்குக்கு எதிர்காலம் இல்லை என்று உங்கள் கையேடு எழுதவில்லையே. வேலை வேறு பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் உங்கள் பிரிவு இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வேலை கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. ஒரு மருத்துவமனையில் புகார்ப் பெட்டியைத் திறந்து படித்து, தேதி போட்டு அடுக்கி வைக்கும் வேலை. அங்கே ஒரு பிரச்சினை இருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்கிப் போகும் வயதான பெண்கள் அடுத்த பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் வருவதில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்பது நிர்வாகத்தின் முடிவு. நினைவூட்டல் செய்தியை ஒன்றுக்கு இரண்டாக அனுப்பிப் பார்த்தார்கள். பலன் இல்லை.

நான் அனுமதி வாங்கிக்கொண்டு பத்து நாள் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுத்தேன். பதிவேட்டில் இருந்த எண்கள் பலவும் அந்தப் பெண்களுடையவை அல்ல. மகனுடையது, மருமகனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. செய்தி ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, போக வேண்டிய ஆளுக்குப் போகவில்லை. அப்படியே தெரிந்தாலும், கூட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வார நாளில் காலையில் வேலை. படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம்: இந்த எண் யாருடையது, உங்களோடு யார் வருவார், அவருக்கு எந்த நேரம் தோது. (எண்ணிப் பார்த்தால் மூன்று. நிர்வாகத்திடம் இரண்டு என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.) வருகை கூடியது. வீட்டுக்குள் ஒரு செய்தி யார் கை வழியாக யாருக்குப் போகிறது, யாரைக் கேட்டுக்கொண்டு யார் வெளியே கிளம்ப முடியும் என்பதெல்லாம் குடும்பம் பற்றி இரண்டாம் ஆண்டில் நான் படித்த பாடம். தேர்வுக்காகப் படித்து மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

பிறகு கணக்கெடுப்பு வேலைக்கு வந்தேன். ‘நீங்கள் வேலை பார்க்கிறீர்களா?’ என்று கேட்டால், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு பெண் ‘இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பார். கூலிக்குத்தான் தைத்துக்கொண்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. வேலை என்றால் வெளியே போய்ச் செய்வது என்று அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ILO) வரையறைப்படி, குறிப்பிட்ட 7 நாட்களில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தால் அது வேலைதான். ஆகவே கேள்வியை அந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும்: போன வாரம் ஒரு மணி நேரமாவது காசு வரும்படி ஏதாவது செய்தீர்களா? ஒரு சொல்லை மாற்றினால் பல பேர் கணக்குக்குள் வருவார்கள், மாற்றாவிட்டால் காணாமல் போவார்கள். இதைக் கற்ற ஆளுக்கு விளம்பரங்களில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆய்வு வடிவமைப்பாளர், களமேற்பார்வையாளர், திட்ட மதிப்பீட்டாளர். மென்பொருள் நிறுவனம் என்றால் பயனர் ஆய்வாளர். இவை ஒன்றும் உங்கள் கையேட்டில் இல்லை.

சந்தை ஆய்வில் குழுவாக உட்கார வைத்துப் பேசும் முறை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று வணிக மாணவர்களிடம் கேளுங்கள். 1941 நவம்பரில் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர், சக பேராசிரியர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். போன இடத்தில் விருந்து இல்லை. அவசர வேலை வந்துவிட்டது, வா என்று வானொலி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் லாசர்ஸ்ஃபெல்ட். அங்கே நேயர்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே பிடித்தால் ஒரு பொத்தான், பிடிக்காவிட்டால் இன்னொரு பொத்தான் அழுத்தினார்கள். பிறகு ஒருவர் அவர்களிடம் காரணம் கேட்டார். அவர் கேட்ட விதம் மெர்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. துண்டுச் சீட்டு எழுதி நீட்டினார். சரி, அடுத்த குழுவை நீயே கேள் என்றார் லாசர்ஸ்ஃபெல்ட். இன்று பெரிய பெரிய நிறுவனங்கள் காசைக் கொட்டிச் செய்யும் குழுப் பேட்டிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பெரிய ஆட்களின் பெயரைச் சுவரொட்டியில் போட்டு இந்தக் குறையைச் சரிசெய்துவிடலாம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1948-இல் சமூகவியலில் பட்டம் வாங்கினார், பிரேசிலின் அதிபராக இருந்த கார்டோசோ சமூகவியலாளர் என்பதெல்லாம் சரிதான். அதைப் படித்து யாருக்கும் திங்கட்கிழமை வேலை கிடைக்காது. அந்தப் படிப்பு எந்த இடத்தில் எப்படிப் பயன்பட்டது என்று காட்டுங்கள்.

உதாரணத்துக்கு, 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். யாரோ விதியை மீறிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டயேன் வாகன் என்ற சமூகவியலாளரும் அப்படித்தான் தொடங்கினார். வருடக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டிய பிறகு கிடைத்தது வேறு. ராக்கெட்டின் இணைப்பு வளையங்களில் முந்தைய பயணங்களிலேயே சேதம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூடிப் பேசி, இது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுதான் என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். நேற்றுப் பொறுத்துக்கொண்டது இன்று வழக்கமாகிவிட்டது. 2003-இல் கொலம்பியா ஓடம் விழுந்தபோது விசாரணைக் குழு அவரை அழைத்து வைத்துக்கொண்டது. இங்கும் கதை அதேபோல இருந்தது. இன்று மருத்துவமனைகளின் பாதுகாப்புப் பயிற்சிகளில்கூட அவர் சொன்ன கருத்து புழங்குகிறது. பாதுகாப்பு, தரக் கட்டுப்பாடு, உள்தணிக்கை என்று நீங்கள் பொறியாளர்களுக்கும் கணக்கர்களுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும் அறைகளில் சமூகவியல் படித்தவருக்கும் ஒரு நாற்காலி உண்டு.

நகரத் திட்டமிடலும் அப்படித்தான். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை எடுத்துப் பார்த்தார். அதே வெயில். இரண்டிலும் ஏழைகள், தனியாக வாழும் முதியவர்கள். ஆனால் இறப்பு விகிதத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். ஓரிடத்தில் கடைகள் மூடி, மனைகள் வெறிச்சோடிப் போய், முதியவர்கள் பயந்து கதவடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மற்றதில் தெரு உயிரோடு இருந்தது; வெளியே வந்தார்கள், கடைக்குள் போய்க் குளிர்ந்துகொண்டார்கள். வெப்பமானி இதைக் காட்டாது. பின்னாளில் சாண்டி புயலுக்குப் பிறகு நடந்த மறுகட்டமைப்புத் திட்டப் போட்டி ஒன்றுக்கு ஆய்வு இயக்குநராக இருந்தவர் இவர்தான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். சமூகவியல் படித்த எல்லோரையும் நான் எடுக்க மாட்டேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் வரையறைகளை ஒப்பிக்கிறார்கள். 1897-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைம் தற்கொலை பற்றிய தன் ஆய்வைப் புள்ளிவிவர அட்டவணைகளை வைத்துச் செய்தார் என்று சொல்வார்கள். ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்து, இதில் விழுக்காட்டைக் குறுக்கே போட வேண்டுமா நெடுக்கே போட வேண்டுமா என்றால் விழிப்பார்கள். புள்ளியியல் தாளை எப்படியாவது தாண்டினால் போதும் என்று நினைப்பது எங்கள் துறையின் பழைய வியாதி. அதனால்தான் இந்த மடலின் நகல் துறைக்கும் போகிறது. முதல் வேலையில் சம்பளம் குறைவாக இருக்கும், சில பதவிகளுக்கு மேற்படிப்பு வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டாம். மாணவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள்.

இருந்தாலும் இதைக் கேளுங்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் நீட்டிய தன்விவரக் குறிப்பில் ‘திறன்கள்’ என்ற தலைப்பில் தலைமைப் பண்பு, குழுவாக இயங்குதல், கடின உழைப்பு என்று இருந்தது. உங்கள் பிரிவு கொடுத்த மாதிரிப் படிவமாம். இறுதியாண்டு ஆய்வேடு எதைப் பற்றி என்று கேட்டேன். இரவுக் காவலாளிகள். ஆறு வாரம், இரவு பத்து மணிக்கு மேல் தன் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் 18 பேரிடம் பேசியிருக்கிறார். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி அனுப்பிய ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். கேள்விகளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த பிறகுதான் பேசினார்களாம். சம்மதம் வாங்கி, பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து, பெயர்களை மாற்றி, எந்தப் பேச்சு எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று குறியிட்டு வைத்திருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்றேன்.

“அது பிராஜெக்ட்தானே மேடம், வேலை அனுபவம் இல்லையே.”

நாங்கள் ஆள் எடுத்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, பிறகும் சிலருக்கு வராத வேலை அது.

இனி என் கோரிக்கைகள். முதலில் அந்தப் பதிவுப் படிவம். சமூகவியலைப் பட்டியலில் சேருங்கள். அதைவிட, பாடத்தை வைத்து வாசலில் வடிகட்டும் வழக்கத்தையே விடுங்கள். யார் வேண்டும் வேண்டாம் என்பதை ஆள் எடுப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த சேர்க்கைக்கு முன் கையேட்டில் அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள்: சமூகப் பணியும் சமூகவியலும் வேறு என்று சொல்லி, விளம்பரங்களில் வரும் பதவிப் பெயர்களையே போட்டு, எதற்கு மேற்படிப்பு வேண்டும், எதற்குப் புள்ளியியல் மென்பொருள் தெரிய வேண்டும் என்பதோடு. எழுதிக் கொடுக்க நான் தயார், காசு வேண்டாம். ஆய்வேட்டைத் தன்விவரக் குறிப்பில் எப்படிக் கொண்டுவருவது என்று இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு வையுங்கள். துறையும் நீங்களும் சேர்ந்து வைக்க வேண்டும், யார் வைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றும் வேண்டும். 1973-இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் ஏறத்தாழ 56. அரிதாக என்றவர்கள் மீதி. நெருங்கிய வட்டத்துக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும்; புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்து வருகிறது. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அந்தத் தூரத்துப் பழக்கம் எங்கிருந்து கிடைக்கும்? நீங்கள்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆண்டறிக்கையில் எங்கள் துறைக்கு நேரே ‘தகவல் இல்லை’ என்று இருக்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் சமூகவியல் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, வந்த பதில்களை மட்டும் எண்ணி முடித்துவிடாதீர்கள். பதில் போடாதவர்களைத் தொலைபேசியில் தேடிப் பிடியுங்கள். முடிவு எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் அப்படியே வெளியிடுங்கள். கேள்வித்தாளை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இருவர், வாசலில் நின்றவர்கள்தான், தயாரித்துத் தருவார்கள்.

அடுத்த முகாமுக்கான பதிவு தொடங்குமுன் எழுத்தில் பதில் வேண்டும். நான்கு இடங்களில் மூன்று நிரம்பிவிட்டன. பேட்டி எடுக்கும் வேலை ஒன்று இன்னும் காலியாக இருக்கிறது. அறிவிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். சமூகவியல் துறையின் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த முன்னாள் மாணவி